அரைநாளில் ஒரு கல்வாரியா?

காலை எட்டு மணிக்கு விடுதி வாசலில் வண்டி வந்து நிற்கும். பிற்பகல் ஒரு மணிக்கு அதே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடும். இடைப்பட்ட நேரத்தில் கால்பந்து அரங்கம், பாரக்வனாத் மருத்துவமனை, ஓர்லாண்டோ கோபுரங்கள், கிளிப்டவுன் சதுக்கம், ரெஜினா முண்டி ஆலயம், ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடம், விலகாசி தெருவில் நெல்சன் மண்டேலா வாழ்ந்த வீடு ஆகிய அனைத்தையும் காட்டிவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க் நகருக்குச் செல்வோருக்குப் பயண முகவர்கள் விற்கும் 'சொவேட்டோ அரைநாள் சுற்றுலா' என்பது இதுவே. 1948 முதல் 1994 வரை நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு மக்களினத்தைச் சட்டத்தின் பெயரால் நசுக்கிய கொடுமைக்கு ஒதுக்கப்படும் நேரம் ஐந்து மணி. அதிலும் பாதி, வண்டியில் கழிந்துவிடும்.

பிள்ளைகளைக் காணவும், பணியின் பொருட்டும், மாநாடுகளின் பொருட்டும் அந்நாட்டுக்குச் சென்று வருவோர் நம் இறைமக்களிடையே உண்டு. சென்றவர்கள் இச்சுற்றுலாவை மேற்கொள்ளாமல் திரும்புவது அரிது. நிழற்படங்களைக் காட்டுகிறார்கள், 'எவ்வளவு கொடுமை நடந்திருக்கிறது!' என்று பெருமூச்சு விடுகிறார்கள். அடுத்த படம் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும். இதில் தவறென்ன என்று கேட்போர் பலர். தவறு உண்டு என்பதே நம் வாதம். இன்று நடைபெறும் முறையில் இச்சுற்றுலா நினைவுகூரல் ஆகாது. நல்ல மனசாட்சியோடு மறப்பதற்கு அது ஏற்ற வழி. கடுமையான சொல்தான். ஆயினும் காரணம் காட்டியே சொல்கிறோம்.

பார்ப்பதும் காண்பதும்

முதலில் ஓர்லாண்டோ கோபுரங்களை எடுத்துக்கொள்வோம். வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்ட இரண்டு பெருங்கோபுரங்கள். வண்டி நிற்கும், படம் எடுப்பார்கள், புறப்படுவார்கள். அவை நிலக்கரி மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள். 1940-களிலிருந்து 1998 வரை அந்நிலையம் இயங்கியது. அங்கு உண்டான மின்சாரம் ஜோகனஸ்பர்க் நகருக்குச் சென்றது. கோபுரத்தின் நிழலில் வாழ்ந்த சொவேட்டோ மக்களின் வீடுகளிலோ பல்லாண்டுகள் மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்குமே எரிந்தன. புகையும் சாம்பலும் கறுப்பருக்கு, ஒளி வெள்ளையருக்கு. நிறவெறிப் பொருளாதாரத்தை விளக்கப் பேராசிரியர் தேவையில்லை. அக்கோபுரங்களின் அடியில் கால்மணி நேரம் நின்றாலே போதும். ஆனால் இன்று அக்கோபுரங்களின் பெயரைக் கேட்டதும் உலகப் பயணிகளுக்கு நினைவுக்கு வருவது, அவற்றின் இடையிலிருந்து இடுப்பில் கயிறு கட்டிக் குதிக்கும் கேளிக்கை! அநீதியின் சின்னம் விளையாட்டுத் திடலாகிவிட்டது.

அடுத்து ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடம். கணிதத்தையும் சமூகவியலையும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பயிற்றுவிக்க வேண்டும் என்று 1974-இல் அரசு ஆணையிட்டது. அடக்குமுறையாளனின் மொழியில் எண்ணவும் சிந்திக்கவும் மாட்டோம் என்று 1976 ஜூன் 16 அன்று பள்ளிப் பிள்ளைகள் சீருடையுடன் ஊர்வலமாக வந்தனர். காவல்துறை சுட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஹெக்டர் வீழ்ந்தான். அவனை ஓர் இளைஞன் கைகளில் ஏந்தி ஓட, தமக்கை அழுதுகொண்டே உடன் ஓடும் காட்சியைச் சாம் ஸிமா என்னும் ஒளிப்படக் கலைஞர் பதிவு செய்தார். உலகமே அதைக் கண்டது. அன்று தொடங்கிய கிளர்ச்சி நாடெங்கும் பரவி, அடுத்த சில மாதங்களில் 575 பேர் மாண்டதாக அரசு அமைத்த சில்லியே ஆணையமே கணக்கிட்டது. இறந்த தன் மகனை மடியில் தாங்கிய தாயின் சிற்பத்தின் முன் மண்டியிட்டுப் பழகிய கத்தோலிக்கர்க்கு, அந்தப் படம் என்ன சொல்கிறது என்று விளக்கவும் வேண்டுமோ? ஆனால் நினைவிடத்தின் முன் நின்று, பின்னணியில் அப்படம் தெரியும்படி, சிரித்த முகத்தோடு தம்மைப் படம் எடுத்துக்கொள்வோரையே அங்கு மிகுதியாகக் காண்கிறோம். கல்வாரியில் யாரும் சிரித்தபடி படத்துக்கு நின்றதாக நற்செய்தி சொல்லவில்லை; வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற கூட்டம் இருந்ததாக மட்டும் சொல்கிறது.

பார்ப்பது வேறு, காண்பது வேறு. பார்ப்பவன் தன்னை மாற்றிக்கொள்ளாமலே திரும்பலாம். கண்டவன் அவ்வாறு திரும்ப இயலாது. எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் கோளாறு ஏதுமில்லை. அவர்களுக்கும் கால அட்டவணை இருந்திருக்க வேண்டும்.

முடிந்துபோன கதையா?

இச்சுற்றுலா சொல்லும் கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு உண்டு. தொடக்கம் 1948, நடு 1976, முடிவு 1994. வண்டி விலகாசி தெருவில் நிற்கும். மண்டேலா, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு ஆகிய இரு நொபெல் பரிசாளர்களின் இல்லங்கள் அங்குள்ளன. கடைசியில் உணவகம், இசை, நடனம். தீயோர் வீழ்ந்தனர், நல்லோர் வென்றனர், நாமும் உண்டு மகிழ்வோம் என்று கதை நிறைவடைகிறது. சிலுவையைக் கடந்து நேரே பாஸ்கா விருந்துக்குப் போய்விடுகிறோம்.

உண்மை அவ்வளவு எளிதன்று. ஜோகனஸ்பர்க் நகரின் நடுவே 'ஜான் வோர்ஸ்டர் சதுக்கம்' என்று அன்று அழைக்கப்பட்ட காவல் நிலையம் இருக்கிறது. 1971 அக்டோபரில் அகமது திமோல் என்னும் இந்திய வம்சாவளி ஆசிரியர் அதன் பத்தாம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று 1972-இல் தீர்ப்பு எழுதினார்கள். குடும்பத்தார் ஓயவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2017-இல், மறுவிசாரணை நடத்திய நீதிமன்றம் அது கொலையே என்று அறிவித்தது. 2018-இல் முன்னாள் காவலர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு முடியுமுன்பே 2021-இல் அவர் இறந்துபோனார். அரைநாள் சுற்றுலா இக்கட்டடத்தின் முன் நிற்பதில்லை. நின்றால் கதை முடியாது.

உண்மைக்கும் ஒப்புரவுக்குமான ஆணையத்தைப் பற்றி நாம் மறையுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறோம்! மன்னிப்பின் மாபெரும் எடுத்துக்காட்டு என்று போற்றியிருக்கிறோம். போற்றத்தக்கதே. ஆனால் முழுக் கணக்கையும் சொல்ல வேண்டாமா? பொதுமன்னிப்பு வேண்டி விண்ணப்பித்தோர் 7,112 பேர். பெற்றோர் 849 பேர். எஞ்சியோருள் வழக்குத் தொடரத்தக்கவை என்று முந்நூறுக்கு மேற்பட்ட விவகாரங்களை ஆணையம் அரசு வழக்குத்துறையிடம் ஒப்படைத்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உறங்கிப்போயின. அவற்றை உறங்கவைத்தவர் யார் என்று விசாரிக்கவே 2025-இல் குடியரசுத் தலைவர் சிரில் ராமபோசா ஒரு விசாரணை ஆணையத்தை அமைக்க வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடோ, 2003-இல் ஆளுக்கு 30,000 ராண்ட் என்று ஒரே தவணையில் முடிக்கப்பட்டது. அது ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவு. மன்னிப்பு உடனடியாகக் கேட்கப்பட்டது. நீதி இன்னும் வாசலில் காத்து நிற்கிறது.

நிலத்தின் கதையும் அத்தகையதே. நிறவெறி என்னும் பெயர் பிறக்கும் முன்பே, 1913-ஆம் ஆண்டின் நிலச்சட்டம் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குள் கறுப்பின மக்களை ஒடுக்கியது. 1936-இல் அது 13 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் அரசு நிலத்தணிக்கையின்படி, தனிமனிதர் உடைமையாக உள்ள விளைநிலங்களில் 72 விழுக்காடு வெள்ளையரிடமே இருந்தது. 2022-இல் உலக வங்கி தான் கணக்கெடுத்த நாடுகள் அனைத்திலும் ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடு தென்னாப்பிரிக்காவே என்று அறிவித்தது. சுதந்திர சாசனம் 1955 ஜூன் 26 அன்று ஏற்கப்பட்ட கிளிப்டவுன் சதுக்கத்தின் அருகிலேயே தகரக் குடிசைகள் நெருக்கிக் கிடக்கின்றன. நினைவுச்சின்னத்தைக் காட்டும் வழிகாட்டியின் விரல், நாலடி தள்ளி நீண்டால் அக்குடிசைகளைத் தொடும். நீளாதபடி அட்டவணை பார்த்துக்கொள்கிறது.

ஆலயச் சுவரில் துளைகள்

கத்தோலிக்கர் என்ற முறையில் நம்மை நேராகத் தீண்டும் இடம் ரெஜினா முண்டி. உலக அரசியாம் அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட பங்கு ஆலயம் அது. தென்னாப்பிரிக்காவிலேயே பெரிய கத்தோலிக்க ஆலயம். ஈராயிரம் பேர் அமரலாம். அரசியல் கூட்டங்கள் தடைசெய்யப்பட்ட காலத்தில், அடக்கச் சடங்கு என்னும் பெயரில் மக்கள் அங்கே கூடினார்கள். 1976 ஜூன் 16 அன்று துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பிய மாணவர்கள் அடைக்கலம் தேடி உள்ளே ஓடிவந்தனர், காவலரும் உள்ளே புகுந்தனர், சுட்டனர். பளிங்குப் பீடம் உடைந்தது. கிறிஸ்துவின் சுரூபம் சிதைவுற்றது. கூரையிலும் சுவரிலும் விழுந்த துளைகள் இன்றும் காட்டப்படுகின்றன. பிற்காலத்தில் உண்மை ஆணையத்தின் அமர்வுகள் அங்கேயே நடந்தன. அங்குள்ள கறுப்பு மரியன்னை ஓவியம் லாரி ஸ்கல்லி என்பவர் 1973-இல் தீட்டியது.

நாம் சென்ற குழுவுக்கு அங்கே ஒதுக்கப்பட்ட நேரம் இருபது நிமிடம். துளைகளை எண்ணினார்கள். 'நம் திருச்சபை எவ்வளவு துணிவாக நின்றிருக்கிறது, பாருங்கள்!' என்று பெருமைப்பட்டார்கள். பெருமைக்குக் காரணம் உண்டு; மறுக்கவில்லை. டர்பன் பேராயர் டெனிஸ் ஹர்லியின் தலைமையில் ஆயர் பேரவை 1957-இல் நிறவெறிக் கொள்கை தன்னியல்பிலேயே தீயது என்று அறிக்கை விட்டது. வெள்ளையர் பகுதி ஆலயங்களில் கறுப்பர் வழிபடுவதைத் தடுக்க அமைச்சருக்கு அதிகாரம் வழங்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தபோது, ஆலயக் கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கும் என்று ஆயர்கள் எதிர்த்தனர். 1953-ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் மறைப்பணிப் பள்ளிகளை அரசிடம் ஒப்படைக்கச் சொன்னபோது, மானியத்தை இழந்தாலும் பள்ளிகளை விடமாட்டோம் என்று உண்டியல் ஏந்தினர். பேரவையின் செயலாளராயிருந்த அருட்பணியாளர் ஸ்மாங்கலிசோ ம்கட்ஷ்வா 1986-இல் சிறையில் வதைக்கப்பட்டார். 1988 அக்டோபரில் பிரிட்டோரியாவிலிருந்த பேரவைத் தலைமையகம் அரசின் கையாட்களால் தீக்கிரையாக்கப்பட்டது. இவையெல்லாம் வரலாறு.

ஆனால் மற்றொரு பக்கமும் வரலாறே. 1957-இல் அதே அறிக்கையில் ஆயர்கள் மற்றோர் உண்மையையும் எழுதினார்கள். கத்தோலிக்க அமைப்புகளிலும், பள்ளிகளிலும், குருமடங்களிலும், கன்னியர் மடங்களிலும், மருத்துவமனைகளிலும் பிரிவினை நடைமுறையில் இருக்கிறது என்பதே அது. தீமை என்று கண்டித்த கையே, அத்தீமை தன் வீட்டுக்குள் இருப்பதையும் எழுதிற்று. அதன் பின்னும் என்ன நடந்தது? கறுப்பினக் குருமாணவர்க்கு ஹம்மன்ஸ்கிராலில் ஒரு குருமடம், வெள்ளையர்க்குப் பிரிட்டோரியாவில் வேறொரு குருமடம் என்ற நிலை நீடித்தது. 1970-இல் ஐந்து கறுப்பின அருட்பணியாளர்கள், 'திருச்சபை எங்களைக் கைவிட்டது' என்ற பொருளில் நாளிதழ் வாயிலாகவே அறிக்கை விடும் அளவுக்கு அவ்வேதனை முற்றியது. வெள்ளையர்க்கான கத்தோலிக்கப் பள்ளிகள் தம் கதவுகளைக் கறுப்புப் பிள்ளைகளுக்குத் திறக்கத் தொடங்கியது 1976-77-இல். கண்டித்ததற்கும் கதவு திறந்ததற்கும் இடையே இருபது ஆண்டு!

ரெஜினா முண்டி ஏன் சொவேட்டோவில் நிற்கிறது என்று யாராவது கேட்டதுண்டா? கறுப்பின மக்களை நகரிலிருந்து அகற்றித் தென்மேற்கே ஒதுக்கிய கொள்கை இருந்ததால்தான், அத்துணைப் பெரிய ஆலயம் அங்கே தேவைப்பட்டது. அவ்வாலயம் எதிர்ப்பின் சின்னம். அதே வேளையில் ஒதுக்கலின் சான்று. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வழிகாட்டல் பாதி உண்மை. பாதி உண்மையைக் கேட்டு முழுப் பெருமை கொள்வது பக்தி அன்று.

பிரிவினைக்கு இறையியல் ஆடை நெய்து கொடுத்தவர்களும் விவிலியம் அறிந்தவர்களே. சிலருடைய மனப்பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனி வழிபாடு நடத்தலாம் என்று 1857-இல் கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபைப் பேரவை இசைவு தந்தது. பலவீனர்க்காக விட்டுக்கொடுக்கப்பட்ட அச்சிறு சலுகை, நூறாண்டுக்குள் நாட்டின் சட்டமாகவும் அரசின் மதமாகவும் வளர்ந்தது. 1982-இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு நிறவெறியைத் தப்பறை என்றே அறிவிக்க நேர்ந்தது. பாவம் எப்போதும் பெரிய வாசல் வழியே வருவதில்லை. 'ஊர் வழக்கம், இப்போதைக்கு இருக்கட்டும்' என்று சொல்லும் பங்குப் பேரவைத் தீர்மானத்தின் வழியேதான் அது மெல்ல நுழைகிறது.

1985-இல் சொவேட்டோவில் கூடிய இறையியலார் 'கைரோஸ் ஆவணம்' என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். தொமினிக்கன் சபைக் குரு ஆல்பர்ட் நோலனும் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றார். அரசு இறையியல், திருச்சபை இறையியல், இறைவாக்கு இறையியல் என அது மூன்றைப் பிரித்துக் காட்டிற்று. நீதியைப் பற்றிப் பேசாமலே ஒப்புரவைப் பற்றிப் பேசும் இதமான போதனையைத்தான் அவர்கள் 'திருச்சபை இறையியல்' என்று கண்டித்தார்கள். அரைநாள் சுற்றுலா பரப்பும் இறையியல் எது என்று வாசகரே முடிவு செய்யட்டும்.

ஏணியின் நடுப்படி

இந்தியப் பயணிகள் நிறைந்த வண்டியில் வழிகாட்டி தவறாமல் காந்தியடிகளைப் பற்றிப் பேசுவார். அவரை அடைத்து வைத்த சிறை, இன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அமைந்துள்ள குன்றில்தான் இருக்கிறது. ஜோகனஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயுற்று விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துத் தமிழர் நெஞ்சம் நிமிர்வதும் இயல்பே. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் 342 பேர் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய நாள் முதல், அம்மண்ணில் நம்மவர் சிந்திய வியர்வைக்கும் குருதிக்கும் கணக்கில்லை.

ஆயினும் நிறவெறியின் நுட்பமான சூழ்ச்சி நம்மவர் வாழ்விலேயே தெளிவாகத் தெரிகிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் மனிதரை வகைப்படுத்தியது. தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்துக்கூட இனத்தைத் தீர்மானித்தார்கள். உச்சியில் வெள்ளையர், அடியில் கறுப்பர், நடுவே கலப்பினத்தாரும் இந்தியரும். ராபன் தீவுச் சிறையில் ஒரே வழக்கில், ஒரே தண்டனை பெற்றுச் சென்றவர்கள் மண்டேலாவும் அகமது கத்ராதாவும். கறுப்பர் என்பதால் மண்டேலாவுக்கு அரைக்காற்சட்டை. இந்தியர் என்பதால் கத்ராதாவுக்கு முழுக்காற்சட்டை. உணவுப் பட்டியலிலும் வேற்றுமை: இந்தியர்க்கு ரொட்டி உண்டு, கறுப்பர்க்கு இல்லை. அடிமைகளை ஆள்வதற்குச் சங்கிலியைவிட ஏணி பயன்தரும் என்பதை அவ்வரசு நன்கறிந்திருந்தது. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலைக் கொடுத்துவிட்டால், மேலே இருப்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த ஆறுதலை உதறியவர்கள் நம்மவரிடையே இருந்தனர். தமிழ் வம்சாவளியினரான மருத்துவர் மாண்டி நாயக்கர், மருத்துவர் யூசுப் தாதூவுடன் சேர்ந்து, ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் தலைவர் மருத்துவர் சூமாவோடு 1947-இல் கூட்டு உடன்படிக்கை செய்தார். 1984-இல் இந்தியர்க்கெனத் தனி நாடாளுமன்ற அவை ஒன்றை அரசு வழங்கியபோது, கறுப்பரை வெளியே நிறுத்தும் மன்றத்தில் எங்களுக்கு இருக்கை வேண்டா என்று பெரும்பான்மை இந்தியர் வாக்களிக்க மறுத்தனர். ஐவரில் ஒருவர் அளவுக்கே வாக்குச்சாவடிக்குச் சென்றார். இருக்கையை ஏற்றவர்களும் இருந்தார்கள். சுற்றுலா வண்டியில் இருப்பவர் காந்தியின் பெயரைக் கேட்டுக் கைதட்டும் முன், தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: 'அந்த நடுப்படியில் நான் நின்றிருந்தால், மேலே பார்த்திருப்பேனா, கீழே பார்த்திருப்பேனா?'

நிறவெறி அருங்காட்சியகத்தின் வாயிலில் இக்கேள்விக்கு ஒரு சிறு பயிற்சி தரப்படுகிறது. நுழைவுச்சீட்டு கண்மூடித்தனமாக உங்களை 'வெள்ளையர்' என்றோ 'வெள்ளையர் அல்லாதோர்' என்றோ பிரிக்கும். அதற்கேற்ற வாசலில்தான் நுழைய வேண்டும். கணவன் ஒரு வாசல், மனைவி ஒரு வாசல். உள்ளே, அரசியல் காரணத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் குறிக்க 131 தூக்குக் கயிறுகள் தொங்குகின்றன. 2001-இல் திறக்கப்பட்ட அவ்வருங்காட்சியகம், பக்கத்திலுள்ள சூதாட்ட விடுதிக்கு உரிமம் பெறும் பொருட்டு அளித்த வாக்குறுதியின்படி கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வோம். நினைவும் வணிகமும் ஒரே மதிலைப் பகிர்ந்துகொள்கின்றன.

2001 ஆகஸ்டு இறுதியில் தொடங்கி டர்பன் நகரில் இனவெறிக்கெதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தது. சாதியையும் அங்கே விவாதிக்க வேண்டும் என்று இந்தியாவிலிருந்து சென்ற தலித் மக்கள் முறையிட்டார்கள். சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம், அது இனவெறி ஆகாது என்று இந்திய அரசு எதிர்த்தது. நிறவெறி எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றுதான் பிரிட்டோரியாவும் ஐ.நா. அவையில் பல்லாண்டுகள் வாதிட்டது! இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. இரண்டுக்கும் வேர்கள் வேறு. ஆனால் இந்தியத் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டு என்பதை ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஏற்றுக்கொண்டது. நடுவே மதில் எழுப்பிய கல்லறைத் தோட்டத்தில் தம் முன்னோரைப் புதைத்துவிட்டு வந்தவர், சொவேட்டோவில் நின்று 'ஐயோ, இப்படியும் ஒரு நாடா!' என்று வியப்பாரெனில், அந்த வியப்பை யார் நம்புவார்?

சில எதிர்வாதங்கள்

'ஒன்றும் காணாமல் வருவதைவிட அரைநாளாவது காண்பது மேலன்றோ?' என்பர். மேல்தான், கண்டதைத் தொடக்கம் என்று கொண்டால். ஆனால் அரைநாளின் ஆபத்து அதன் குறுமையில் இல்லை. 'பார்த்தாயிற்று' என்ற நிறைவில் இருக்கிறது. ஒன்றும் அறியாதவன் கேட்பான். அரைநாள் அறிந்தவன் பிறர்க்குப் போதிக்கத் தொடங்கிவிடுவான்.

'வழிகாட்டிகளின் பிழைப்பைக் கெடுக்கலாமா?' என்பர். ஒருபோதும் கூடாது. சொவேட்டோவில் பிறந்து வளர்ந்து, தம் தெருவின் துயரத்தைத் தாமே எடுத்துரைப்போர்க்கு அவ்வருவாய் உரியது. அவர்களிடம் அரைநாளில் ஏழு இடம் காட்டச் சொல்வதே அவர்களுக்கு நாம் இழைக்கும் அவமதிப்பு. ஒரு மனிதர் தம் நண்பன் சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொல்லும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கலாமா? அவர்களுக்கு முழுநாள் கூலி கொடுங்கள். முழுநாள் செவி கொடுங்கள்.

'பழைய புண்ணைக் கிளறுவானேன்? மன்னித்து மறப்பதே கிறிஸ்தவம்' என்பர். இதுவே மிகவும் புண்ணியமாக ஒலிக்கும் வாதம். மிகவும் தவறான வாதமும் இதுவே. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைத்துக்கொண்டு வரவில்லை. தோமாவுக்குக் காட்டினார், தொடச் சொன்னார். மகிமை பெற்ற உடலிலும் ஆணித் தழும்புகள் இருந்தன என்பது நம் விசுவாசம். ரெஜினா முண்டி மக்கள் தம் கூரையின் துளைகளைப் பூசி மறைக்காமல் விட்டதில், நம் மறைக்கல்வி நூல்கள் பலவற்றில் இல்லாத உயிர்ப்பின் இறையியல் இருக்கிறது.

நிறுத்தங்களும் நிலைகளும்

சுற்றுலா வண்டிக்கு நிறுத்தங்கள் உண்டு. சிலுவைப் பாதைக்கு நிலைகள் உண்டு. நிறுத்தத்தில் இறங்குவோர் பார்வையாளர். நிலையில் நிற்போர் முழந்தாளிடுகிறார்கள். 'இவரை அறைந்ததில் என் கையும் உண்டு' என்று நெஞ்சில் தட்டிக்கொள்கிறார்கள். தவக்காலம் தோறும் நம் சிற்றூர்களில் எழுத்தறியாத பாட்டிமார்கூடச் செய்யும் இச்செயலை, கடல் கடந்து செல்லும் படித்தவர்கள் ஏன் செய்யலாகாது?

ஆகவே, செல்லாதீர்கள் என்று சொல்லவில்லை, செல்லுங்கள். செல்லுமுன் படியுங்கள். ஏழு இடங்களைக் குறைத்து இரண்டு இடங்களாக்குங்கள். ஞாயிறன்று ரெஜினா முண்டியில் அம்மக்களோடு திருப்பலியில் பங்குபெறுங்கள். பின்னர் துளைகளைப் பாருங்கள். கிளிப்டவுனில் நினைவுச்சின்னத்துக்கு முதுகு காட்டி நின்று, எதிரே உள்ள குடிசைகளை நோக்குங்கள். சோஃபியாடவுனுக்குச் செல்லுங்கள். 1955 பிப்ரவரி முதல் மக்களை வண்டிகளில் ஏற்றி மெடோலண்ட்சுக்கு அகற்றி, வீடுகளை இடித்து, வெள்ளையர் குடியிருப்பாக்கி, 'வெற்றி' என்று பொருள்படும் 'ட்ரயோம்ப்' என்ற பெயரையும் சூட்டினார்களே, அந்த இடம். 2006-இல்தான் பழைய பெயர் திரும்பியது. பெயர் திரும்பிய இடத்துக்கு மக்கள் திரும்பினார்களா என்று கேளுங்கள். சென்று வந்தபின், உங்கள் அன்பியக் கூட்டத்தில் நிழற்படங்களைக் காட்டும்போது, ஒரு கேள்வியையும் வையுங்கள்: நம் பங்கில் யார் எந்த வாசலால் நுழைகிறார்கள்?

இறைவாக்கினர்களின் கல்லறைகளைக் கட்டி அலங்கரித்து, 'எங்கள் மூதாதையர் காலத்தில் நாங்கள் இருந்திருந்தால் இந்தக் கொலையில் உடன்பட்டிருக்க மாட்டோம்' என்று சொல்லிக்கொண்டவர்களைப் பற்றி ஆண்டவர் மொழிந்த வன்சொற்கள் மத்தேயு நற்செய்தியில் இருக்கின்றன. அவர்கள் தீயோராகத் தம்மைக் கருதியவர்களல்லர். பக்தியுள்ளவர்கள், கல்லறைக்குக் காணிக்கை கொடுத்தவர்கள். அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம் ஒன்றே: இறந்துபோன இறைவாக்கினரைப் போற்றிய அவர்கள், தம் கண்முன் உயிரோடு நின்றவரைச் சிலுவையில் அறைய இசைந்தார்கள். ஹெக்டரின் நினைவுக்கல்லின் முன் மலர் வைப்பது எளிது. நம் ஊர்ப் பள்ளியில் இன்று ஒதுக்கப்படும் ஹெக்டர் யார் என்று கண்டு அவனருகில் நிற்பதற்கு, அரைநாள் போதாது.